ஒன்பதில் ஆறு

திரையில் அன்னெகாவின் முகம் வாய் பாதி திறந்தபடி உறைந்து நின்றது. இணைப்பு திரும்பி வருவதற்கான அந்த அரை நிமிடத்தில்தான் நோயெலியா ஒப்பந்த நகலின் நான்காம் பக்கத்தை ஒழுங்காகப் படித்தாள். மொத்தம் நான்கு லட்சம் டாலர். அதைப் பார்த்து முந்தின நாள் மாலையிலிருந்தே அலுவலகத்தில் எல்லோரும் ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குக் கீழே, சற்றுச் சிறிய எழுத்தில், அது இரண்டாகப் பிரிந்திருந்தது. உருவாக்கச் செலவு இரண்டு லட்சத்து இருபதாயிரம். விளம்பரம் ஒரு லட்சத்து எண்பதாயிரம். இரண்டாவது தொகை வெளியீட்டு நிறுவனத்தின் கையிலேயே இருக்கும், அவர்களே செலவழிப்பார்கள்.

நோயெலியா எச்செகோயென் தொகைகளை மனதுக்குள் வகுத்துப் பார்க்கத் தெரிந்தவள். மொந்தெவிதேயோவில், ஒரு மெத்தைக் கடைக்கு மேலே இருந்த அந்த மூன்று அறை மாடியில், ஒன்பது பேர் இரண்டரை ஆண்டுகளாக ஒரு கணினி விளையாட்டைச் செய்துகொண்டிருந்தார்கள். ரயில் நின்றுபோன ஒரு சமவெளி ஊரில், தன்னை விட்டுவிட்டுப் போனவனைத் தேடி அலையும் ஒரு நாயின் கதை. ஆடுபவர்தான் நாய். அது முடிய இன்னும் பதினான்கு மாதமாவது வேண்டும். வாடகை, வரி, மின்சாரம் எல்லாம் சேர்த்து ஆளுக்கு மாதம் இரண்டாயிரத்து அறுநூறு. ஒன்பது பேருக்கு மூன்று லட்சத்து இருபத்தேழாயிரத்துச் சொச்சம் வந்தது. ஆறு பேருக்கு இரண்டு லட்சத்துப் பதினெட்டாயிரத்து நானூறு. ஆறு பேர் என்றால் பொருந்துகிறது, இன்னும் ஆயிரத்து அறுநூறு டாலர் மிச்சம் என்று அவள் கண்டுபிடித்த அதே நொடியில் அன்னெகாவின் வாய் மூடித் திறந்தது.

"கேக்குதா? ஆறு பேர்னு நாங்க போட்டுப் பாத்தோம். உங்களுக்கும் அப்படித்தான் வருதா?"

"விளம்பரத்துல கொஞ்சம் குறைச்சுக்க முடியாதா?" என்றாள் நோயெலியா.

அன்னெகா கெட்டவள் இல்லை. நெதர்லாந்தில் ஏதோ ஒரு ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, வெளியீட்டு நிறுவனத்துக்காக முப்பது சிறிய விளையாட்டுகளைப் பார்த்துக்கொள்ளும், தூக்கம் போதாத ஒரு பெண். யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

"பெரிய கம்பெனிகள் ஆயிரம் பேரை வெச்சு இருபது கோடி டாலர்ல ஒண்ணு செய்றாங்க. அப்புறம் அதைச் சத்தம் போட்டுச் சொல்ல இன்னொரு பத்து கோடி. நீங்களும் அதே கடையிலதான் விக்கணும் நோயெலியா, அதே அலமாரியில. போன வருஷம் நல்ல விளையாட்டு ஒண்ணைச் சத்தமில்லாம வெளியிட்டோம். எழுநூறு பேர் வாங்கினாங்க. அதைச் செஞ்சவங்க எங்களை ஒரு வார்த்தை குறை சொல்லலை. அதுதான் கஷ்டமா இருந்துது."

அழைப்பு முடிந்ததும் தாரியோ மாத்தே மூலிகைத் தேநீருக்கான வெந்நீர்க் குடுவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்தான். அவனும் அவளும் சேர்ந்துதான் இந்தச் சிறிய நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவன் நிரல் எழுதுபவன், அவள் மற்றதெல்லாம். பத்து ஆண்டுப் பழக்கத்தில் அவள் முகத்தைப் பார்த்தே எதிர்நாற்காலியில் உட்கார்ந்தான். அவள் காகிதத்தை அவன் பக்கம் தள்ளினாள்.

"ட்ரெய்லர் முப்பத்தெட்டாயிரமா?" என்றான் விளம்பரச் செலவின் ஒரு வரியில் விரல் வைத்து. "எவ்வளவு நேரம் ஓடும் அது?"

"ஒண்ணேகால் நிமிஷம்."

"ஹெபர் ரெண்டு வருஷம் வாங்கற சம்பளம்டி அது. அதுக்கு மேலயே."

"தெரியும்."

தெரியும் என்று சொன்னபோதே தான் ஹெபரின் பெயரை மனதுக்குள் ஏற்கெனவே நீக்கிவிட்டிருந்ததை அவள் உணர்ந்தாள். பௌலினா, ஃபப்ரீசியோ, ஹெபர், போக வேண்டிய மூன்று பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. பௌலினா பார்த்துவந்த சோதனை வேலையைப் பகிர்ந்துகொள்ளலாம். ஃபப்ரீசியோ எப்படியும் ஸ்பெயினுக்குப் போகிற யோசனையில் இருந்தான். ஹெபரின் ஒலி வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது, மீதியைக் கடையில் கிடைக்கும் ஆயத்த ஒலிகளை வைத்து நிரப்பிவிடலாம். காரணங்கள் சரியானவைதான். ஆனால் ஹெபர் சண்டை போட மாட்டார் என்பதும் அவற்றில் ஒன்று என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஹெபர் லார்ரோசா குளியலறையில் வேலை செய்வார். அந்த மாடியில் மெத்தைக் கடைக்காரனின் வானொலி எட்டாத ஒரே இடம் அதுதான். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தால் மற்ற எட்டுப் பேரும் மூலையிலிருந்த, காபியும் விற்கும் மதுக்கடையின் கழிப்பறைக்குப் போக வேண்டும். அதற்காகவே அங்கே தினம் ஒரு காபி வாங்க வேண்டியிருந்தது, அந்தச் செலவும் நோயெலியாவின் கணக்கில் ஒரு வரியாக இருந்தது. ஐம்பத்து நான்கு வயது. நாடகங்களுக்கும், தேர்தல் கூட்டங்களுக்கும், பத்தாண்டு வானொலிக்கும் ஒலி பார்த்தவர். மாதாமாதம் ரசீது எழுதிக் கொடுத்துப் பணம் வாங்கும் ஆள் என்பதால் வேலை போனால் காப்பீடும் கிடையாது. அவள் போனபோது சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே நாய் நடந்தது. ஓட்டில் நான்கடி, பிறகு நின்றது, முகர்ந்தது, மறுபடி இரண்டடி. சுவரில் சாய்ந்து அதைக் கேட்டுக்கொண்டே நின்றாள். விளக்கு அணைந்து கதவு திறந்தது. ஹெபர் தரையில் மண்டியிட்டிருந்தார். கைகளில் பழைய தோல் கையுறை, ஒவ்வொரு விரல் நுனியிலும் ஒட்டிய காகிதக் கிளிப்பு.

அவள் குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. அவர் கையுறையைக் கழற்றாமலேயே கேட்டார்.

"பணம் வருது. அதனால நான் போறேன்."

"ஆமா."

"வராட்டி?"

"மார்ச்சோட எல்லாருமே போகணும் ஹெபர்."

"அந்த மூணு பேர் காசுல என்ன செய்றாங்க?"

"ட்ரெய்லர். அப்புறம், பிரபலமா விளையாடிக் காட்டறவங்க இருக்காங்கல்ல, அவங்க விளையாடறதை லட்சக்கணக்கான பேர் பாக்கறாங்க. அவங்கள்ல ஒருத்தருக்குப் பணம் குடுத்து விளையாட வைப்பாங்க."

"விளையாடறதுக்குக் காசு." அவர் சிரித்தார். சத்தம் ஓடுகளில் மோதித் திரும்பியது. "நான் பொறந்த காலம் தப்பு. உன் பேரு அந்த ஆறுல இருக்கா?"

"இருக்கு."

"இருக்கட்டும். வகுத்தல் தெரிஞ்ச ஆளு ஒண்ணு வேணும்." கையுறையின் கிளிப்பு ஒன்று தளர்ந்திருந்ததை அழுத்திவிட்டுக்கொண்டார். "கடைசியில பேரு ஓடும்ல, அதுல என் பேரைப் போட்டுடுவியா? என் தம்பி மகன் சால்ட்டோவுல இருக்கான். மூணு வருஷமா கேட்டுக்கிட்டே இருக்கான், பெரியப்பா நிஜமாவே அந்த வேலைதான் பாக்கறீங்களான்னு."

"போடுவேன். அது என் பொறுப்பு."

அவர் தலையாட்டினார். விளக்கைப் போடச் சொன்னார், நாய் இன்னும் மரப்பலகையில் நடக்க வேண்டியிருந்தது. மாதக் கடைசிவரை தினமும் வந்தார். கடைசி நாளன்று எல்லா ஒலிகளையும் பெயரிட்டு, அடுக்கி, எது எந்தக் காட்சிக்கு என்று பதினோரு பக்கம் எழுதி வைத்துவிட்டுப் போனார். பௌலினா போகும்போது கதவை அறைந்தாள். இரண்டு மாதத்தில் ஒரு வங்கியில் வேலை கிடைத்தது. ஃபப்ரீசியோ வலென்சியாவிலிருந்து கடற்கரைப் படங்கள் அனுப்பினான்.

மீதி ஆறு பேரும் பதினான்கு மாதத்தைப் பதினாறாக இழுத்தார்கள். கடைசி இரண்டு மாதம் நோயெலியாவும் தாரியோவும் சம்பளம் எடுத்துக்கொள்ளவில்லை. அவள் தன் குடியிருப்பை விட்டுவிட்டு அக்கா வீட்டின் பின்னறைக்கு மாறினாள். ட்ரெய்லர் வந்தது. வேறொரு நாட்டில், வேறொரு நிறுவனம் செய்தது. நாய் ஓடியது, தூசி பறந்தது, ஐம்பது வயலின்கள் ஒன்றாக எழுந்தன. நாயின் காலடி ஓரிடத்திலும் கேட்கவில்லை. தாரியோ இரண்டு முறை பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. எரிச்சலா இருக்கு, ஆனா நல்லாத்தான் இருக்கு" என்றான். அது உண்மை. ஒரு வாரத்தில் நாற்பதாயிரம் பேர், விளையாட்டு வெளியானதும் தங்களுக்குத் தெரிவிக்கும்படி இணையக் கடைத்தளத்தில் பெயர் பதிந்திருந்தார்கள். அவள் அந்த எண் ஏறுவதை, அடுப்பில் பால் பொங்குவதைப் பார்ப்பதுபோல, நகராமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியீட்டுக்கு மூன்று வாரம் இருந்தபோது பெயர்ப் பட்டியல் கேட்டு மின்னஞ்சல் வந்தது. வெளியாகும் நாளில் குழுவில் இருப்பவர்கள் மட்டும், அதாவது ஆறு பெயர்கள், ஒப்பந்தம் இருபத்து மூன்றாம் பக்கம். அவள் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் அவள் கையெழுத்தின் முதலெழுத்துகள் இருந்தன. நான்காம் பக்கத்தை அன்று அத்தனை முறை படித்தவள் இருபத்து மூன்றைப் படிக்கவில்லை. அன்னெகாவை அழைத்தாள்.

"ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு குழுவுல, விலகிப் போனவங்க யார் பேர் எங்கங்கிற தகராறு கோர்ட் வரைக்கும் போச்சு. அதுலருந்து இந்த விதி. நான் போட்டது இல்லை. என்னால மாத்தவும் முடியாது."

வெளியீட்டு நிறுவனத்தின் சொந்தப் பட்டியலும் அதே அஞ்சலில் இருந்தது. அறுபத்து நான்கு பெயர்கள். கணக்குப் பிரிவு, சட்டப் பிரிவு, பதினோரு மொழிபெயர்ப்பாளர்கள், அலுவலகச் சமையல்காரர். அதற்குக் கீழே, அந்த ஆண்டு அவர்கள் வீடுகளில் பிறந்த நான்கு குழந்தைகள். லோட்டெ, ஃபின், இஸ்மாயில், யூனா. நோயெலியா அந்த நான்கு பெயர்களையும் படித்தாள். அவற்றின் மேல் கோபப்பட முயன்றாள், வரவில்லை.

பிறகு தங்கள் பட்டியலைத் திறந்தாள். ஆறு வரிகள். முதல் வரியில் 'தயாரிப்பு' என்று போட்டு அவள் பெயர். அதை அழித்தாள். கடைசியில் 'ஒலி' என்று ஒரு வரி சேர்த்து ஹெபர் லார்ரோசா என்று அடித்தாள். எண்ணிப் பார்த்தாள். ஆறு. தோளுக்குப் பின்னால் தாரியோ நின்றுகொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தாள்.

"பௌலினா பேரு?" என்றான். "ஃபப்ரீசியோ?"

"என்கிட்ட ஒரு இடம்தான்டா இருக்கு."

தாரியோ குடுவையின் மூடியைத் திருகித் திறந்தான். அவனிடமும் ஒரு இடம் இருந்தது. அதைப் பற்றி அவனும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. அவன் குடுவையிலிருந்து மாத்தேயில் வெந்நீர் ஊற்றி அவளிடம் நீட்டினான், அவள் வாங்கிக் குடித்தாள். மறுநாள் அன்னெகாவிடமிருந்து ஒற்றை வரி வந்தது. உங்கள் பெயரைக் காணவில்லையே, தவறுதலாக விட்டுப்போனதா? இல்லை என்று எழுதினாள். அதற்கு ஒரு நாள் கழித்து, சரி, என்று பதில் வந்தது. எண்ணிக்கை ஆறாகவே இருந்தது, ஹெபரின் பெயரைப் பற்றி அன்னெகா கேட்கவில்லை.

வெளியான அன்று மத்தியானம் எல்லோரும் ஒரே திரையின் முன் கூடினார்கள். மேசையில் இரண்டு டஜன் பிஸ்கோச்சோ ரொட்டி இருந்தது, ஒருவரும் தொடவில்லை. விளையாடிக் காட்ட ஐம்பத்தைந்தாயிரம் டாலர் வாங்கிய அந்தப் பிரபல இளைஞன் இரண்டு மணி நேரம் விளையாடுவதாக ஒப்பந்தம். மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள். அவன் வணக்கம் சொன்னான், ஒரு பானத்தைத் திறந்தான், விளையாட்டைத் தொடங்கினான். நாய் கண் விழித்து, காதை ஆட்டி, ரயில் மேடையின் பலகையில் மூன்றடி வைத்தது. "ஒரு நிமிஷம் மக்களே, நான் பேசறது கேக்காது" என்று சொல்லிவிட்டு அவன் ஒலியைப் பூஜ்யத்துக்கு இறக்கினான். தன் பாட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டான். கலகலப்பான பையன், நன்றாகத்தான் விளையாடினான். நாய் கிணற்றடியில் படுத்துக்கொள்ளும் இடத்தில் அவன் கண் கலங்கியதும், பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நிமிஷத்துக்கு நூறு பேராக வாங்கினார்கள். அறையில் சிலர் கைதட்டினார்கள். நோயெலியாவும் தட்டினாள்.

மூன்று மாதத்தில் நாற்பத்து ஓராயிரம் பிரதிகள் போயின. எழுநூறு அல்ல, அன்னெகா சொன்னது சரியாகத்தான் இருந்தது. கடைத்தளத்தின் பங்கு போக, தள்ளுபடி போக, முதலில் வெளியீட்டு நிறுவனம் போட்ட நான்கு லட்சமும், விளம்பரம் உட்பட, அவர்களுக்குத் திரும்ப வேண்டும். அதன் பிறகுதான் செய்தவர்களுக்குப் பங்கு. அது அறுபதாயிரம் டாலர் குறைவில் நின்றுபோனது. அதற்கு மேல் மாதம் நூறு, இருநூறு பிரதிதான் அசைந்தது. தொழிலில் இருந்தவர்கள் அதை வெற்றி என்று சொன்னார்கள். இரண்டு விருதுகளுக்குப் பரிந்துரை வந்தது, ஒன்று ஒலிக்கு. ஜூலையில் மாடியைக் காலி செய்து சாவியை மெத்தைக் கடைக்காரனிடமே கொடுத்தார்கள். தாரியோ கொஞ்சநாள் சும்மா இருந்துவிட்டு, துறைமுகத்துக்குச் சரக்குப் பெட்டிகளை எண்ணும் மென்பொருள் எழுதப் போனான். பௌலினாவிடமிருந்து நோயெலியாவுக்கு ஒரே ஒரு செய்தி வந்தது. முழுதாக விளையாடி முடித்தேன், அழகாக இருக்கிறது, என் பெயரை நானே தேடினேன் என்பதுதான் கேவலமாக இருக்கிறது. அதற்கான பதிலை நோயெலியா நாலைந்து முறை எழுதி அழித்தாள். கடைசியில் அனுப்பவில்லை.

செப்டம்பரில் ஒரு பெரிய நிறுவனம் அவளை நேர்காணலுக்கு அழைத்தது. ஆயிரத்து இருநூறு பேர், ஏழு நாடுகள், ஒரே விளையாட்டு. கேள்வி கேட்டவன் மரியாதையான ஆள். அவள் எழுதியிருந்ததைப் படித்தான், வேறொரு திரையில் எதையோ தேடினான், மறுபடி தேடினான்.

"நீங்கதான் இதோட தயாரிப்பாளர்னு போட்டிருக்கீங்க. பட்டியல்ல உங்க பேர் வரலையே."

சொல்வதற்கு ஒரு கதை இருந்தது. சொன்னால் நல்ல கதை. ஆனால் வாயைத் திறந்தபோது அது தன்னைத் தானே புகழ்ந்துகொள்வதுபோல் அவள் காதுக்கே பட்டது. "பட்டியல் எனக்கு முன்னாடி முடிஞ்சுபோச்சு" என்றாள். அவனுக்குப் புரியவில்லை, குறித்துக்கொண்டான். கேட்ட பதவி கிடைக்கவில்லை. அதற்கு இரண்டு படி கீழே, ஒருங்கிணைப்பு உதவியாளர் வேலை கிடைத்தது. அக்கா வீட்டுப் பின்னறையிலிருந்தே செய்யலாம். அந்த விளையாட்டில் குதிரைகளை மட்டும் நாற்பத்தொரு பேர் செய்தார்கள். அவர்களில் யார் எப்போது விடுப்பு என்பதை அவள் பார்த்துக்கொண்டாள். சம்பளம் அவள் இதுவரை வாங்கியதைவிட அதிகம், ஒன்றாம் தேதி தவறாமல் வந்தது.

பிப்ரவரியில், திருவிழா நாட்களில், அக்கா உள்ளே பூரணம் வைத்துச் சுட்ட எம்பனாடா ஒரு பெட்டியைக் கொடுத்து அருகிலிருந்த திறந்தவெளி மேடைக்கு அனுப்பினாள். அங்கே விற்கிற கடை அக்காவின் சங்கத்தினுடையது. மணி ஐந்துதான் இருக்கும், வெயில் வேலியின் மேல் சாய்ந்திருந்தது. ஆட்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மேடையில் பாட்டுக் குழுவொன்று பாதி வேஷத்தில், முகத்தில் ஒரு பக்கம் மட்டும் சாயம் பூசிக்கொண்டு, ஒத்திகை பார்த்தது. நடுவில் தார்ப்பாயின் கீழ் ஒலிப்பலகைக்குப் பின்னால் ஹெபர் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து கன்னத்தில் முத்தமிட்டு, பெட்டியைத் திறந்து கேட்காமலேயே ஒரு எம்பனாடாவை எடுத்துக்கொண்டார்.

"இறைச்சியா?"

"வெங்காயமும் சீஸும்."

"பரவால்ல." பாதியைத் தின்றுவிட்டுச் சொன்னார். "என்கிட்ட அதை ஓட்டற அளவுக்குக் கம்ப்யூட்டர் கிடையாது, தெரியும்ல. தம்பி பையன் ஆடி முடிச்சான். பேரு ஓடறப்ப போட்டோ எடுத்து அனுப்பினான். அவன் அப்பனுக்கும் அனுப்பினான். அவன் அப்பன் கசாப்புக் கடையில மாட்டி வெச்சிருக்கானாம்."

"நல்லதுதானே."

"ஆறு பேர் இருந்துச்சு. அஞ்சு பேரை எனக்குத் தெரியும், ஆறாவது நான்." வாயைத் துடைத்தார். "உன்னைத் தேடினேன்."

"பிழை. தட்டச்சுப் பிழை."

ஹெபர் அவளைப் பார்த்தார். நாற்பது ஆண்டு ஒலி கேட்டவர். எந்தக் குரலில் என்ன குறைகிறது என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது.

"சரி," என்றார். "அப்ப பிழைன்னே வெச்சுப்போம்."

அவள் ஏதாவது சொல்லியிருப்பாள், அல்லது அவர் சொல்லியிருப்பார். அதற்குள் தெற்கிலிருந்து சட்டென்று காற்று மாறியது, பெரிய பெரிய துளிகளாக மழை விழத் தொடங்கியது. நாற்காலி போட்டவர்கள் ஆளுக்கொன்றைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு கடைகளை நோக்கி ஓடினார்கள். மேடைக்குக் கூரை இருந்ததால் குழு நிறுத்தவில்லை. ஹெபர் தார்ப்பாயைப் பலகையின் மேல் இழுத்துவிட்டு, ஒரு நாற்காலியை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"ஒரு உதவி செய். கடைசி வரிசைக்குப் போ. மழையில அங்க வரைக்கும் எட்டுதான்னு எனக்கு இங்கருந்து தெரியாது. அவங்க பாடறது வார்த்தை வார்த்தையாக் கேட்டா கையைத் தூக்கு. வெறும் சத்தமாக் கேட்டா தூக்காதே."

நோயெலியா நாற்காலியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வரிசைகளுக்கு நடுவே நடந்தாள். புல் அதற்குள் சொதசொதத்துவிட்டது, செருப்பில் தண்ணீர் ஏறியது. கடைசி வரிசையில், வேலியை ஒட்டி நின்று திரும்பினாள். தூரத்தில் அரைச் சாயம் பூசிய பதினேழு வாய்கள் ஒன்றாகத் திறந்தன. தலைக்கு மேலே பிளாஸ்டிக்கில் மழை பொரிந்தது. அவள் கண்ணை மூடிக் கேட்டாள், வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. கண்ணைத் திறந்தபோது, தார்ப்பாயின் விளிம்பிலிருந்து ஹெபர் நெற்றியில் கை வைத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுடைய இரண்டு கைகளும் நாற்காலியைப் பிடித்திருந்தன.